பின்கண்ணாடியில் ஒரு நீலப் புள்ளி

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபம் என் கணவர்மேல். நான்கு நாட்களாக அவரோடு “சாப்பாடு ரெடி”, “கதவைச் சாத்துங்க” தவிர வேறு பேச்சு இல்லை. பேசாத நாட்களில் எனக்கு எழுத்து நன்றாக ஓடும். காரைத் துடைத்துத் துடைத்தே ஒரு குடும்பத்தைக் கவிழ்த்த மனிதனைப் பற்றி ஒரு கதை எழுதி, அவர் கண்ணில் படுகிற மாதிரி மேசைமேல் விட்டுவைப்பது என்பதுதான் திட்டம்.

[“குடும்பத்தைக் கவிழ்த்த” என்பது அதிகம். கவிழ்ந்தது என் அக்காவின் டிரைவிங் தேர்வு. ஆனாலும் அந்த வார்த்தையை எழுதியபோது கிடைத்த நிம்மதிக்காக அதை அப்படியே விடுகிறேன்.]

அவருக்குத் தொழில் மற்றவர்களின் கார்களை மெருகேற்றுவது. கழுவுவது என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். வீட்டுக்குப் பின்னால் கூரை போட்ட இடம்தான் பட்டறை. தெருவில் அவருக்குப் பெயர் தூசி. நேரில் பேசும்போது மட்டும் அது ‘தூசி சார்’ ஆகிவிடும். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. தூசி என்றால் என்னவென்று இந்தத் தெருவிலேயே தனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்று நினைக்கிற ஆள்.

(டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்றின் பின்கண்ணாடியில், நெயில் பாலிஷால் வைத்த ஒரு நீலப் புள்ளி இருந்தது. இந்த வாக்கியத்தை இரண்டு முறை அடித்துவிட்டு இப்போது திரும்பச் சேர்த்திருக்கிறேன். ஏன் என்று ஏழாம் பகுதியில் சொல்கிறேன். அதுவரை அது பாட்டுக்கு இங்கே இருக்கட்டும்.)

2

தூக்கிப் போட்ட தொடக்கங்கள் இரண்டு.

“ஒரு கார் எப்போது முழுமையாகச் சுத்தமாகிறது என்ற கேள்விக்கு இதுவரை யாரும்—”

யாரும் கேட்கவும் இல்லை. நிறுத்திவிட்டேன்.

“அந்த மனிதன் கல்நெஞ்சக்காரன். அவன் கண்ணுக்கு மனிதர்கள் தெரிவதில்லை. கீறல்கள்தான்—”

இதை எழுதிக்கொண்டிருந்தபோது கல்நெஞ்சக்காரர் உள்ளே வந்தார். நான் பேசமாட்டேன் என்று தெரியும். என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, சட்டைப்பையில் இருந்த மஞ்சள் துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்ப மாட்டிவிட்டுப் போனார். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அந்த வாக்கியம் அதற்குமேல் நகரவில்லை.

நீங்கள் படித்துக்கொண்டிருப்பது மூன்றாவது தொடக்கம்.

3

உங்களுக்கும் எனக்கும் கார் எப்போது சுத்தமாகிறது? அழுக்கு கண்ணுக்குத் தெரியாமல் போகும்போது. அவருக்கு வேலை ஆரம்பிப்பதே அங்கேதான்.

இரண்டு வாளி வைப்பார். ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். காரைத் தொட்ட துணி வெறும் தண்ணீரில் அலசப்படாமல் சோப்பு வாளிக்குத் திரும்பாது. தவறி ஒரு துணி தரையில் விழுந்துவிட்டால் அதோடு சரி. மணல் ஒட்டியிருக்கும், கார்மேல் கோடு போடும் என்று அதைச் சக்கரம் துடைக்கிற கூட்டத்தில் தள்ளிவிடுவார். அங்கிருந்து அதற்குப் பதவி உயர்வே கிடையாது. எங்கள் வாஷிங் மெஷினில் அவருடைய துணிகளுக்கு வாரத்தில் இரண்டு தனி நாள். மனிதர்கள் உடுத்துவதற்கு மீதி நாட்கள்.

எல்லாம் முடிந்தபின் டார்ச் அடிப்பார். கார்ப் பெயிண்டில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வட்டக் கீறல்கள் இருக்குமாம். கண்ட துணியால் துடைக்கிறவர்கள் போட்டு வைப்பது.

“இங்க பாரு. சாய்ஞ்சு பாரு. தெரியுதா?”

எனக்கு டார்ச் வெளிச்சம் மட்டும் தெரியும். “தெரியுது” என்பேன். கல்யாணமான புதிதில் ஆசையாகச் சொன்ன பொய். பன்னிரண்டு வருடமாக அதை விட முடியவில்லை.

ஒரு காரைத் தொடுவதற்கு முன் அதைச் சுற்றிச் சுற்றி இருபத்துநான்கு படம் எடுப்பார். முடித்தபின் அதே இடங்களில் நின்று இன்னொரு இருபத்துநான்கு. வாடிக்கையாளர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு சார், சாவி எங்க?” என்று கேட்பார்கள்.*

* இந்தப் படங்கள் கதைக்குத் தேவை. அலங்காரத்துக்குச் சேர்க்கவில்லை.

[நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஒரு வரியில் ‘ஆனால்’ இருக்கட்டுமா, போகட்டுமா என்று ஒரு முழுக் காலைப்பொழுதைத் தொலைத்தவள் நான். படித்தவர்கள் யாரும் “அந்த ஆனால் எங்கே போனது” என்று என்னைத் தேடி வந்ததில்லை.]

4

அக்கா நர்ஸ். இருபத்தொரு வருடமாக ஆஸ்பத்திரி வார்டில். அதில் பாதிக்குமேல் நைட் டியூட்டி. போன மாதம் ஒரு நிறுவனம் அவளைக் கூப்பிட்டது. வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டு, மருந்து பார்த்துவிட்டு வரும் வேலை. காலையில் போனால் மாலையில் வீடு. காரை அவர்களே தருவார்கள். லைசென்ஸ் மட்டும் இந்த மாதக் கடைசிக்குள் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

“எல்லாரும் தூங்குறப்ப நானும் தூங்கணும்டி. வேற பெரிய ஆசை ஒண்ணும் கெடையாது” என்றாள் அக்கா.

[கதைக்கு இது போதுமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நோயாளிக் குழந்தையைச் சேர்த்தால் வாசகர் உருகுவார். சேர்த்துப் பார்த்தேன். குழந்தை பிரமாதமாக இருமியது. ஆனால் நாற்பத்தெட்டு வயதில், மதியம் திரையை இழுத்துவிட்டு, தெருச் சத்தத்துக்கு நடுவில் புரண்டு புரண்டு படுத்திருக்கும் அக்காவை நான் நேரில் பார்த்தவள். குழந்தையை அனுப்பிவிட்டேன்.]

தேர்வில் அவள் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தாள். முதல் முறை மேடு ஏறும்போது வண்டி நின்றுவிட்டது. இரண்டாம் முறை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மற்றபடி நன்றாகத்தான் ஓட்டுவாள். பயம் ரிவர்ஸ்தான். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும்.

டிரைவிங் ஸ்கூலை நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டரம்மா என்பார்கள். ஆறு கார், எந்நேரமும் கையில் டீ, யாரையும் திட்டாத வாய். ரிவர்ஸுக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். பின்கண்ணாடியில் நெயில் பாலிஷால் இரண்டு புள்ளி. நெட்டையானவர்களுக்குச் சிவப்பு, குட்டையானவர்களுக்கு நீலம். அக்கா குட்டை.

“கம்பம் உங்க புள்ளிக்கு வர்ற வரைக்கும் பொறுமையா போங்க சிஸ்டர். வந்துருச்சா, ஸ்டியரிங்க முழுசா திருப்புங்க. யோசிக்கவே வேணாம்.”

அக்கா யோசிக்காமல் இருபது முறை எடுத்தாள். இருபது முறையும் வண்டி கோட்டுக்குள் நின்றது. அந்தச் சந்தோஷத்தில்தான் வாயைக் கொடுத்தாள். “எங்க தங்கச்சி வீட்டுக்காரர் காரை எல்லாம் புதுசாட்டம் ஆக்கிடுவார் மாஸ்டர். உங்க வண்டியைக் கொடுத்துப் பாருங்களேன்.”

மாஸ்டரம்மா அக்காவையும் ஏற்றிக்கொண்டு, அவள் பழகிய காரையே எங்கள் பட்டறைக்கு ஓட்டி வந்தார். பிடித்திருந்தால் ஆறு காரும் மாதாமாதம் இவருக்குத்தான்.

“எனக்கு மூணே விஷயம் போதும் சார். கண்ணாடி நல்லா தெரியணும். உள்ள நாத்தம் அடிக்கக் கூடாது. சீட்ல உக்காந்தா துணியில அழுக்கு ஒட்டக் கூடாது. நாளைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்.”

“ரெண்டு நாள் கொடுங்க” என்றார் என் கணவர். அவர் கண் அதற்குள் காரைச் சுற்ற ஆரம்பித்திருந்தது.

“அடுத்த நாள் இவங்களுக்கு டெஸ்ட்.”

“நானே நேரா மைதானத்துக்குக் கொண்டு வந்துடறேன்.”

5

இந்தப் பகுதியை வேகமாக எழுதிவிடுகிறேன். மெதுவாக எழுதினால் கோபம் திரும்பி வருகிறது.

தேர்வு மைதானத்துக்குள் அந்தக் கார் நுழைந்தபோது வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்து வருடப் பழைய கார். ஆயிரம் பேர் கியரை முறித்துப் பழகிய கார். வானம் அதன் கூரைமேல் அப்படியே கிடந்தது. மாஸ்டரம்மா டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். என் கணவர் இறங்கி, சாவியை ஒரு துணியில் வைத்து நீட்டினார். சொல்லிவைக்கிறேன், அந்த நிமிடம் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நேரமாகிவிட்டது. அக்கா ஏறினாள். ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்தார். மேட்டில் வண்டி நிற்கவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. கடைசியாக ரிவர்ஸ்.

வண்டி கொஞ்சம் பின்னால் வந்தது. நின்றது. மறுபடி கொஞ்சம் வந்தது. அக்கா கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடியைப் பார்ப்பது எங்களுக்குத் தெரிந்தது. எதையோ கை தவறி வைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி பார்த்தாள். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினாள். ரொம்பத் தாமதம். கம்பம் சாய்ந்தது.

அக்கா இறங்கி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“கண்ணாடில ஒண்ணுமே இல்லடி” என்றாள் என்னிடம்.

பக்கத்தில் நின்ற என் கணவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஆமாக்கா. நாப்பது நிமிஷம் ஆச்சு. யாரோ நெயில் பாலிஷைத் தெறிச்சு வச்சிருந்தாங்க. கண்ணாடில ஒரு கோடு விழாம எடுத்தேன்.”

சொல்லி முடித்தபின்தான் எங்கள் முகங்களைப் பார்த்தார்.

மாஸ்டரம்மா அப்போதும் திட்டவில்லை. “சார், கண்ணாடி தெரியணும்னு கேட்டேன். தெரிய வேண்டியதையும் சேர்த்துத் தொடைச்சுட்டீங்க.”

அக்கா பஸ்ஸில் போனாள். அன்றைக்கும் அவளுக்கு நைட் டியூட்டி.

6

இந்தப் பகுதி முதல் திட்டத்தில் இல்லை. அதில் கதை ஐந்தோடு முடிந்துவிடும். அவர் படித்துவிட்டுத் தலைகுனிய வேண்டும், நான் ஜன்னல் வழியாக வேறு எங்கோ பார்க்க வேண்டும்.

நான்காம் நாள் காலை பட்டறையிலிருந்து அவர் குரல் வந்தது.

“உன்கிட்ட நீல நெயில் பாலிஷ் இருக்கா?”

நான்கு நாளில் அவர் சொன்னதில் பதில் சொல்லத் தகுந்தது இதுதான். “இல்ல” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய் வாங்கி வந்தேன்.

மாஸ்டரம்மா இதற்குள் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். யாரோ ஒருவர் விலகிக்கொண்டதால் இருபத்தொன்பதாம் தேதித் தேர்வில் ஓர் இடம் காலியானது. அதை அக்காவுக்கு வாங்கிவிட்டார். மாதக் கடைசிக்கு முந்தின நாள். புள்ளியை வைக்க மாஸ்டரம்மா தயார்தான். ஆனால் முதலில் வைத்தது எங்கே என்று அவருக்கே ஞாபகம் இல்லை. “குத்துமதிப்பா வச்சதுதான் சிஸ்டர். அது எப்படியோ சரியா அமைஞ்சுது.” புது இடத்தில் வைத்தால் அக்கா மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். ஐந்து நாள் இருந்தது. அதில் மூன்று நைட் டியூட்டி.

குத்துமதிப்பாக வைத்த அந்த இடம் உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம் இருந்தது. பதினேழாம் படம். வேலைக்கு முன் எடுத்தது. அவர் போனில் அதைப் பெரிதாக்கி, கண்ணாடியின் ஓரத்திலிருந்து, வைப்பர் முனையிலிருந்து, உள்ளே ஓடும் சூடேற்றும் கம்பிகளிலிருந்து என்று மூன்று பக்கமும் அளந்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். மாஸ்டரம்மாவிடம் கேட்டுக் காரையும் கொண்டு வந்திருந்தார். கண்ணாடியில் டேப் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அச்சு வார்த்த மாதிரி ஒரு நீல வட்டம் வைத்தார். சிவப்புக்கு அவசரம் இல்லை.

அக்காவை வரச் சொன்னோம். சீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள்.

“இது இல்ல தம்பி.”

“இடம் மில்லிமீட்டர் கூட மாறலக்கா.”

“இடம் சரிதான். பழசுக்கு ஒரு வால் இருந்துச்சு. இடது பக்கம். நான் அந்த வாலைத்தான் பார்ப்பேன்.”

அவர் பதினேழாம் படத்தை இன்னும் பெரிதாக்கினார். வால் இருந்தது. மாஸ்டரம்மாவின் பிரஷ் வழுக்கி இழுத்த ஒரு கிறுக்கல். அதை அவர் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. [மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்தேன்.] பிறகு ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்தார். முதல் வால் ரொம்ப அழகாக வந்துவிட்டது. துடைத்தார். இரண்டாவதும் அழகு. துடைத்தார். மூன்றாவது வால் படத்தில் இருந்தது மாதிரியே அசிங்கமாக வந்தது.

“இதேதான்” என்றாள் அக்கா.

ரிவர்ஸ் பழகக் கம்பத்துக்கு எங்கே போவது? அவரே போய் இரண்டு வாளியையும் எடுத்து வந்தார். சோப்பு வாளி, வெறும் தண்ணீர் வாளி. ஒவ்வொன்றிலும் ஒரு துடைப்பக் கட்டையை நட்டு, மண்ணைப் போட்டு இறுக்கினார். ஆமாம், அந்த வாளிகளுக்குள் மண்ணைப் போட்டார். நான் அருகில் போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தேன்.

முதல் முறை அக்கா பதற்றத்தில் சோப்பு வாளிமேலேயே ஏறிவிட்டாள். ‘டமார்’ என்று உடைந்தது. அவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார்.

“பரவால்லக்கா. இன்னொரு தடவை வாங்க.”

எனக்குக் கோபம் போன இடம் அதுதான். தேதி, நேரம் எல்லாம் சொல்ல முடியும்.

7

அக்காவிடம் இந்தக் கதையை ஆறாம் பகுதி வரை படிக்கக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி கேன்டீனில் போனை மூக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தாள். அப்போது அது நான்காம் திருத்தம், நான்காம் பகுதியில் மாஸ்டரம்மாவின் புள்ளிப் பாடம் இன்னும் சேரவில்லை. வழவழவென்று இருந்தது. தட்டுப்படுகிற மாதிரி ஒரு வார்த்தை கிடையாது.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அஞ்சுல நான் எதைத் தேடறேன்னே புரியலயே.”

“புள்ளியைத்தான்.”

“புள்ளி இருந்துச்சுன்னு நீ சொல்லவே இல்லயேடி. திடீர்னு வந்து காணாமப் போகுது.”

சொல்லியிருந்தேன். முதல் பகுதியில் சொல்லியிருந்தேன். அந்த வாக்கியம் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது, நடை கெடுகிறது என்று இரண்டாம் திருத்தத்தில் எடுத்துவிட்டேன். மனசு கேட்காமல் மூன்றில் வைத்தேன். நான்கில் மறுபடி எடுத்தேன். நாற்பது நிமிடம் ஆகவில்லை. ஒரே ஒரு கோடுதான் போட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கேன்டீன் சுவரைப் பார்த்தேன்.

“நாலு நாள் அந்த மனுஷனோட பேசாம இருந்தியே” என்றாள்.

வீட்டுக்கு வந்து அந்த வாக்கியத்தைத் திரும்ப வைத்தேன். அது இன்னும் துருத்திக்கொண்டுதான் இருக்கிறது.

8

முடிவுகள். தயாராக மூன்று வைத்திருக்கிறேன்.

அ) அக்கா தேறிவிடுகிறாள். ஆறு காரும் எங்கள் பட்டறைக்கு வருகின்றன. எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு இது வேண்டும். வேண்டும் என்பதாலேயே எழுதக் கை வரவில்லை.

ஆ) அக்கா தேறவில்லை. ஆனால் நிறுவனத்தார் மனமிரங்கி இன்னொரு மாதம் தருகிறார்கள். இந்த நிறுவனத்தாரை நான் சந்தித்ததில்லை. அவர்கள் மனதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

இ) புள்ளியே வேண்டாம் என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டு—

இல்லை. கண்ணை மூடிக்கொண்டு யாரும் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. உங்கள் மனம் அந்தப் பக்கம் போனால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

9

இன்று இருபத்தொன்பது. தேர்வு மைதானத்தின் ஓரத்தில், தகரக் கூரைக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்து எழுதுகிறேன். நீங்கள் படிப்பதற்கு முன் எனக்கு முடிவு தெரிந்திருக்கும். எழுதும்போது தெரியாது.

கார் அழுக்காக இருக்கிறது. நேற்றுவரை நான்கு பேர் அதில் பழகியிருக்கிறார்கள். கதவில் மண், கூரையில் காய்ந்த மழைத் துளிகள். காலையில் என் கணவர் பின்கண்ணாடியை மட்டும் துடைத்தார், புள்ளியைச் சுற்றி. கூரைப் பக்கம் கை போனதைப் பார்த்தேன். பிறகு அந்தக் கையை எடுத்து மாஸ்டரம்மா நீட்டிய டீயை வாங்கிக்கொண்டார். சாவியைத் துணியில்லாமல் கொடுத்தார்.

அக்கா ஏறி உட்கார்ந்துவிட்டாள். நேற்று நைட் டியூட்டி இல்லை. நன்றாகத் தூங்கினாளாம்.

மேடு முடிந்தது. நிற்கிற இடம் முடிந்தது. ரிவர்ஸுக்கு முன் வண்டி எங்கள் பெஞ்சை ஒட்டி நிற்கிறது. ஆய்வாளர் இறங்கி வந்து, முன்பக்கம் பானெட்மேல் தன் ஃபைலை வைத்து ஏதோ எழுதுகிறார். ஃபைலுக்கு இரும்புக் கிளிப். எழுத எழுத அது பெயிண்டின்மேல் இப்படியும் அப்படியும் நகர்கிறது.

என் பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம். கணவரின் கை சட்டைப்பைக்குள் போய்த் துணியைப் பிடித்திருக்கிறது. அவர் எழுந்திருக்கவில்லை.

ஆய்வாளர் ஃபைலை எடுத்துக்கொண்டு நகர்கிறார். வெயில் பானெட்டில் விழுகிறது.

“தெரியுதா?” என்கிறார் மெதுவாக.

சாய்ந்து பார்க்கிறேன். வெயிலில் முடி மாதிரி மெல்லிய கோடுகள், வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்று. பன்னிரண்டு வருடமாக இவர் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“தெரியுது” என்கிறேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறார். இந்த முறை பொய் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பையிலிருந்து கையை எடுத்து, துணியில்லாத வெறும் கையால், என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

காரின் பின்பக்கம் வெள்ளை விளக்கு எரிகிறது. அக்கா கழுத்தைத் திருப்புகிறாள்.

இனி என் பேனாவுக்கு இங்கே வேலை இல்லை. ஒரு கையை அவர் பிடித்திருக்கிறார், நோட்டு வழுக்குகிறது, நான் அக்காவைப் பார்க்க வேண்டும். இந்தக் கதையை நீங்கள்தான் கோட்டுக்குள் நிறுத்தித் தர வேண்டும். பயப்படாதீர்கள். புள்ளியை முதல் பகுதியிலேயே வைத்துவிட்டேன். கம்பம் அதற்கு வருகிற வரைக்கும் பொறுமையாகப் போங்கள். வந்ததும் முழுதாகத் திருப்புங்கள்.